திருவரங்குளத்துத் தூக்குவாளி

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவரங்குளம். பேருந்து அங்கே இரண்டு நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. அந்த இரண்டு நிமிடங்களில் நாங்கள் அடைந்த வெட்கத்தையும், அதன் பின் பெற்ற ஆறுதலையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

திருமணமாகி நான்காம் ஆண்டில் ஆண்டவர் எங்கள் இல்லத்தைக் கண்ணோக்கினார். ஐந்தாம் மாதம் தொடங்கியதும், உடல்நிலை நன்றாயிருப்பதால் சிறு பயணங்கள் செய்யலாம் என்று மருத்துவர் இசைவு தந்தார். நிறையத் தண்ணீர் அருந்தவேண்டும், இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல் எலுமிச்சைச் சாற்றோடு கொள்ளவேண்டும் என்பவை அவருடைய கட்டளைகள். செய்தி பரவியதும் நண்பர்களும் உறவினரும் அழைக்கலாயினர். வாயும் வயிறுமாக இருப்பவளுக்கு ஒரு வேளையேனும் தம் கையால் சமைத்துப் போடவேண்டும் என்பது நம் மக்களின் ஆசையல்லவா? மே மாதக் கடைசி வாரத்தில் திருச்சியிலிருந்து புறப்பட்டோம்.

புறப்படும் முன் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எங்களைத் தனியே அழைத்தார். "எல்லா வீட்டுக்கும் போய் வாருங்கள். ஆனால் முதலில் போய்த் திருவரங்குளத்தில் இறங்கிவிடாதீர்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திருவரங்குளத்தில் இருப்பவர் எங்கள் அத்தை. மாமா இறந்து இருபது ஆண்டுகளாகின்றன. பிள்ளைப்பேறும் இல்லை. எங்கள் வீட்டுத் திருமணங்களில் அவர் அடுப்படியில் விடியும்வரை உழைப்பார். மணமக்களுக்குச் சிலுவை வரைந்து ஆசீர் அளிக்கும் நேரத்தில் மட்டும் அவரைக் காணமுடியாது.

புதுக்கோட்டையில் நண்பர் வீட்டில் முதல் விருந்து. இசுலாமியக் குடும்பம். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ஆட்டுக்கால் பாயாவும் காத்திருந்தன. நண்பரின் தாயார் எங்களில் கருவுற்றிருந்தவர் தலைமேல் கைவைத்து வேண்டிக்கொண்ட பின்னரே எங்களை விட்டார். பிற்பகலில் ஆலங்குடிப் பேருந்தில் ஏறினோம்.

திருவரங்குளம் வந்தது. சன்னலுக்கு வெளியே பார்க்கலாகாது என்று இருவரும் சொல்லிக்கொள்ளாமலே முடிவு செய்திருந்தோம் போலும். ஆனால் சன்னலின் கீழிருந்து ஒரு கை உயர்ந்தது. அதில் ஒரு தூக்குவாளி.

"களி கிண்டினேன். சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள். இறங்கவேண்டாம், பேருந்து புறப்பட்டுவிடும்" என்றார் அத்தை. யார் சொல்லி எங்கள் வருகையை அறிந்தாரோ, எத்தனை பேருந்துகளை வெயிலில் நின்று பார்த்தாரோ! அவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாளியைத் தந்ததும் இரண்டடி பின்வாங்கி நின்றார். நாங்கள் வாய் திறக்குமுன் பேருந்து நகர்ந்துவிட்டது.

அடுத்து வம்பன். அங்கே உழவுத்தொழில் செய்யும் நண்பர் ஒருவர் வீட்டில் வாளியைத் திறந்தோம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மணக்கும் உளுந்தங்களி. இடுப்புக்கு வலுவூட்டும் என்று நம் பாட்டிமார் பெண்களுக்குக் கிண்டித் தந்த அதே களி. வம்பனுக்கும் உளுந்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் இங்கேதான் இருக்கிறது. இங்கு உருவான உளுந்து இரகங்கள் வம்பன் என்ற பெயரோடே வெளியூர் வயல்களிலும் விளைகின்றன. நண்பர் இவற்றையெல்லாம் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கோ களி தொண்டையில் இறங்க மறுத்தது.

அன்று மாலையே வடகாடு சென்று சித்தப்பா வீட்டில் தங்கினோம். வடகாடு, கீரமங்கலம் பகுதி பலாவுக்குப் பேர்பெற்றது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயலில் இங்குள்ள பலாவும் தென்னையும் ஓரிரவில் சாய்ந்தன. சித்தப்பா அதன்பின் நட்ட கன்றுகள் இப்போது காய்க்கத் தொடங்கியிருந்தன. "சூடு, அதிகம் வேண்டாம்" என்று சித்தி இரண்டே சுளைகள் கொடுத்தார். அந்தக் குறையை ஈடுசெய்யப் பலாக்கொட்டைக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், நாட்டுக்கோழி இரசம் என்று இலையை நிரப்பிவிட்டார்.

மறுநாள் மே 31. மரியன்னை எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாள். முன்னாளில் சூலை 2-ஆம் நாள் கொண்டாடப்பட்ட இத்திருநாள், 1969-ஆம் ஆண்டின் வழிபாட்டு ஆண்டுச் சீரமைப்பில் மாதாவின் வணக்கமாதக் கடைசி நாளுக்கு மாற்றப்பட்டது. ஆலங்குடி சென்று திருப்பலி கண்டோம். எத்தனையோ முறை கேட்ட நற்செய்திதான். அன்று அது எங்களையே பெயர் சொல்லி அழைத்ததுபோல் இருந்தது.

கருவுற்ற மரியன்னை நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழியை விரைந்து கடந்தார். யாரைத் தேடி? பிள்ளையில்லாதவர் என்று ஊரார் நெடுங்காலம் இழித்துப் பேசிய ஒரு முதியவரைத் தேடி. மரியன்னையையும் அவர் திருவயிற்றின் கனியையும் ஆசியுரைத்து வாழ்த்தும் பேறு அந்த எலிசபெத்தம்மாளுக்கே கிடைத்தது. அன்னை அங்கே ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். பின்னர் குழந்தை இயேசுவை ஆலயத்தில் காணிக்கையாக்கியபோது, அக்குழந்தையைப்பற்றி எல்லாரிடமும் மகிழ்ந்து பேசிய அன்னா அம்மாளோ ஒரு கைம்பெண். அவரை ஒதுங்கி நிற்கும்படி அங்கே யாரும் சொன்னதாக நற்செய்தியில் இல்லை. அப்படியிருக்க, நாங்கள் எந்த நூலைப் படித்துவிட்டுப் பேருந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்?

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கமல்ல. சித்தி அந்தத் தூக்குவாளியைக் கழுவி, பலாச்சுளைகளை நிரப்பித் தந்தார். நேரே திருவரங்குளத்தில் போய் இறங்கினோம்.

அத்தை எங்களைக் கண்டதும் கதவருகில் தயங்கி நின்றார். "ஏழாம் மாதம் கழித்து வந்திருக்கலாமே, பெரியவர்கள் ஏதாவது சொல்வார்களே" என்றார். "மூன்று நாள் தங்க வந்திருக்கிறோம், அத்தை" என்று சொல்லி வாளியை அவர் கையில் கொடுத்தோம். அதன் கனத்தை உணர்ந்து மூடியைத் திறந்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டார்.

அந்த மூன்று நாளும் அத்தை எங்களுக்கு ஊரைக் காட்டினார். சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பழைய சிவன் கோயிலும் குளமும் ஊரின் பெருமை. கோயில் கதையில் பொற்பழம் தந்த பனை ஒன்று வருகிறது. அத்தை அதைச் சொன்ன விதம் இது: வேடன் ஒருவன் அப்பழத்தின் மதிப்பறியாமல் நாள்தோறும் அதை வணிகனிடம் கொடுத்துச் சிறிது தானியம் வாங்கி வந்தானாம். அருகிலுள்ள பொற்பனைக்கோட்டைக்கும் அந்தப் பனையின் பெயர்தான். அங்கே 2023-ஆம் ஆண்டு அகழாய்வு செய்தபோது சிறியதொரு தங்க மூக்குத்தி கிடைத்தது. "எந்தக் காலத்துத் தாயின் மூக்கில் இருந்ததோ!" என்று அத்தை வியந்தார். வேடனின் அறியாமை எங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. பொன்னை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு நாங்களும் அதைத்தானே செய்துவந்தோம்?

நுங்கும், கேழ்வரகுக் கூழும், சுட்ட கருவாடுமாக நாட்கள் கழிந்தன. கடைசி நாள் இரவில் செபமாலை முடிந்தபின், எங்களில் கருவுற்றிருந்தவர் அத்தையின் முன் முழந்தாளிட்டு ஆசி கேட்டார். அத்தையின் கை நடுங்கியது. இருபது ஆண்டுகளாக அந்தக் கை யார் நெற்றியிலும் சிலுவை வரைந்ததில்லை. வரைந்த பின் அவரே ஒரு கவளம் நெய்ச்சோறு உருட்டி ஊட்டினார். எத்தனையோ வீடுகளில் உண்டோம். பசியாறியது அந்தக் கவளத்தில்தான்.

திரும்பும் வழியில் அத்தையையும் அழைத்துக்கொண்டு ஆவூர் சென்றோம். வீரமாமுனிவர் பணியாற்றிய பழம்பெரும் பங்கு அது. அங்கே மாதாவுக்குப் பெயர் பெரியநாயகி. திருவரங்குளத்துக் கோயில் அம்மனுக்கும் அதே பெயர்தான் என்று அத்தை நினைவூட்டினார். தாயைப் பெரியவள் என்று அழைப்பதில் இந்த மண்ணுக்குள் வேற்றுமை இல்லை போலும். சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி பாடிய முனிவர் நடமாடிய அத்தலத்தில், கருவுற்ற துணைவியோடு பெத்லகேமில் இடம் தேடி அலைந்த அப்புனிதரை நினைத்துக்கொண்டோம். எங்களுக்கு எல்லா வீட்டிலும் இடம் கிடைத்தது. நாங்கள்தான் ஒருவருக்கு இடம் தராமல் இருந்தோம்.

ஏழாம் மாதம் வளையல் அணிவிக்கும் நாளில் முதல் வளையலை அத்தையே அணிவித்தார். முன்பு எச்சரித்த பெரியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு தாமே எழுந்து சென்று, அத்தை அமர நாற்காலி ஒன்றை எடுத்து வந்து போட்டார்.

தூக்குவாளி மீண்டும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அன்று அத்தை அதில் களி கொண்டுவந்திருந்தார். குழந்தை பிறந்ததும் அதை நிரப்பி எடுத்துக்கொண்டு திருவரங்குளம் போகவேண்டும்.