கரடிக் கோட்டு

கொருக்குப்பேட்டையில் ரோமக் கோட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். சித்திரை மாதத்தில் எங்கள் தெருவில் பனியனே பாரம். ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், மறு பக்கம் கூட்ஸ் வண்டிகளின் ஓயாத முட்டல் மோதல். மார்கழிக் குளிர் என்பது மப்ளர் விற்பவர் கட்டிவிட்ட புரளி என்று நினைக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட இடத்தில், எங்கள் வீட்டுப் பரண்மேல், முப்பது வருஷங்களாக ஒரு ரோமக் கோட்டு படுத்திருக்கிறது. போன மாதம் மழை ஒழுகியதால் பரணை ஒழிக்க வேண்டியதாயிற்று. பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனையோடு ஒரு பழைய பொய்யும் வெளியே வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோட்டு என் அண்ணனுடையது. 1988-ஆம் வருஷம் அவனுக்கு மாஸ்கோவில் படிக்க இடம் கிடைத்தது. அப்பா பின்னி ஆலையில் நெசவுத் தொழிலாளி, சங்கத்துக்காரர். பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் 1920-இல் ஒன்றாகி, கடைசியில் 1996-இல் கதவைச் சாத்திய அதே ஆலை. மாஸ்கோவில் பாட்ரிஸ் லுமும்பாவின் பெயர் தாங்கிய மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் பிள்ளைகளுக்காக 1960-இல் தொடங்கப்பட்டது. படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம், கைச்செலவுக்கும் கொடுப்பார்கள். சங்கத்து நண்பர் ஒருவர் மனு எழுதிக் கொடுத்தார். நெசவாளி மகன் ருஷ்யாவுக்குப் போகப் போகிறான் என்று தெரு முழுக்கப் பேச்சு.

அம்மாவுக்கு ஒரே கவலை, குளிர். ஜனவரியில் அங்கே உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே போவது சாதாரணம், சில நாட்களில் இருபதுக்கும் கீழே இறங்கும் என்று அண்ணன் எங்கோ படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னான். கோட்டு வாங்க அங்கேயே பணம் தருவார்கள் என்று சிலர் சொன்னார்கள். அம்மா நம்பவில்லை. அப்போது அங்கே படித்துத் திரும்பிய ஒருவர் தம் பழைய ரோமக் கோட்டைக் கொடுத்தார். செம்மறியாட்டுத் தோல், ரோமத்தை ஒரே மட்டமாகக் கத்தரித்துக் கறுப்புச் சாயம் ஏற்றியது. நாங்கள் பிள்ளைகள் அதற்குக் கரடிக் கோட்டு என்று பெயர் வைத்தோம்.

கரடி நோய்வாய்ப்பட்டிருந்தது. சென்னையின் புழுக்கத்தில் இரண்டு வருஷம் தகரப் பெட்டிக்குள் கிடந்தது அல்லவா? வலது அக்குளில் ஒரு சாண் கிழிசல். கழுத்துப் பட்டியில் பூச்சி அரித்த ஓட்டைகள். உள்ளே வைத்துத் தைத்த பட்டுத் துணி நார்நாராகத் தொங்கியது.

அம்மா ரவிக்கை தைத்துக் கொடுத்துக் குடும்பத்துக்கு உதவுகிறவள். தையலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் அவளுக்கு உண்டு, அது உண்மையும்கூட. கிழிசலை ஒன்று சேர்த்து மெஷினில் கொடுத்து ஓட்டினாள். ரோமம் நூலில் சிக்கித் திருகிக்கொண்டது. தைத்து முடித்து இலேசாக இழுத்துப் பார்த்தாள். தபால் தலையை ஓரத்து ஓட்டைகளோடு கிழிப்போமே, அப்படி டர்ரென்று நேர்கோட்டில் கிழிந்துவிட்டது. அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பா ரயில்வே கேட் அருகில் செருப்புத் தைக்கும் பெரியவரை அழைத்துக்கொண்டு வந்தார். கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மூடினால் எப்போது திறக்கும் என்பது இறைவனுக்கும் கேட் கீப்பருக்கும் மட்டுமே தெரியும். அந்தக் காத்திருப்பில்தான் பெரியவருக்குப் பிழைப்பு.

அவர் உள்ளே வரவில்லை. நாங்கள் வாருங்கள் என்று சொல்லவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து கோட்டை மடியில் போட்டுக்கொண்டார். எல்லோரும் தடவிப் பார்த்து மெச்சிய ரோமத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. உள் துணியைப் பிரித்து, தோலை இரண்டு விரல்களால் கிள்ளி இழுத்தார்.

"கிய்ஞ்ச எடத்தப் பாக்கக் கூடாதும்மா. நாலு வெரல் தள்ளிப் பாக்கணும். அங்க உசுரு இருந்தாத்தான் தையல் நிக்கும்" என்றார். பிறகு ஓட்டை வரிசையைப் பார்த்துவிட்டு, "மெசின்ல உட்டீங்களா?" என்று கேட்டார்.

அம்மா தலையை ஆட்டினாள்.

"துணின்னா ஊசி எறங்கசொல்ல நூலு வெலகி வயி வுடும். தோலு அப்டி இல்ல. ஓட்ட உய்ந்தா உய்ந்ததுதான். மயிரு சும்மா வேசம்மா. சமாச்சாரம் பூரா தோல்லதான்."

நான்கு சாயங்காலங்கள் அந்த வேலை நடந்தது. நான் பக்கத்திலேயே குந்தியிருந்து பார்த்தேன். இப்போது சொன்னால்கூட அந்த வேலையை வரிசை தப்பாமல் சொல்வேன்.

அம்மாவின் ஓட்டை வரிசையை முதலில் வெட்டி எறிந்தார். கத்தரிக்கோலைத் தொடவில்லை. கோட்டை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, தோல் பக்கத்திலிருந்து கூரிய கத்தியால் தோலை மட்டும் கீறினார். கத்தரியால் வெட்டினால் ரோமமும் சேர்ந்து வெட்டுப்படும்; எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் வழுக்கைக் கோடு தெரியும். ஒட்டுப் போடக் கோட்டின் அடி மடிப்பிலிருந்தே இரண்டு விரற்கடை எடுத்தார். ரோமம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஊதிப் பார்த்து, அதே சாய்வில் ஒட்டை வைத்தார். மெழுகு தடவிய நூல், முனையில் மூன்று பட்டை உள்ள ஊசி. விளிம்போடு விளிம்பு சேர்த்து, ரோமத்தை ஊசி முனையால் அந்தப் பக்கம் தள்ளித் தள்ளி, நெருக்கமாக ஆனால் இறுக்காமல் சுற்றித் தைத்தார்.

பூச்சி அரித்த ஓட்டைகளுக்கு வேறு வழி. வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் கொப்புளம் போல மேடு தட்டும் என்றார். ஒவ்வொன்றையும் மாவிலை போல இரு முனையும் கூராக வெட்டி, பிறகு சேர்த்தார். தைத்த இடத்தை ஒரு கரண்டிக் காம்பால் தோல் பக்கம் அழுத்தித் தேய்த்ததும் அது படிந்துவிட்டது. வெயிலில் காயப்போடாதே, இஸ்திரிப் பெட்டி பக்கத்திலேயே வரக்கூடாது, சூடு பட்டால் தோல் அப்பளம் போலச் சுருங்கிவிடும் என்று அம்மாவுக்கு ஆயிரம் பத்தியம் சொன்னார்.

இரண்டாம் நாள் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் படியின் மறுபக்கம் உட்கார்ந்து ஊசியை வாங்கினாள். "இறுக்காதம்மா, அது மூச்சு வுடணும்" என்று அவர் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பிரித்துப் பிரித்துத் தைத்தாள். நான்காம் நாள் கிழிந்த பட்டுக்குப் பதிலாக அப்பா வைத்திருந்த பின்னி காக்கித் துணியைக் கொடுத்து உள்ளே தைத்தாள். வெளியே மாஸ்கோ, உள்ளே பெரம்பூர் என்று அப்பா சிரித்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டு வாசல் மாடத்தில் நசுங்கிய அலுமினியத் தம்ளர் ஒன்று தனியாக இருக்கும். பெரியவருக்கு நாலு நாளும் டீ அதில்தான் போயிற்று. குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார். கேட் கூட்டத்தில் சமத்துவம் பற்றித் தொண்டை வறளப் பேசும் அப்பா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கூலியாக அப்பா இருபது ரூபாய் நீட்டினார். பத்து போதும் என்று வாங்கிக்கொண்டு, எழுந்தவர் தயங்கி நின்றார்.

"தம்பி பனியில போட்டுக்கினு நின்னப்பறம், தையலு நின்னுச்சா இல்லியான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க. வெயில்ல தோலு இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். அந்தக் குளிர்ல இன்னா ஆவும்னு தெரியாது."

அண்ணன் ஆகஸ்டு கடைசியில் டில்லிக்கு ரயிலேறி, அங்கிருந்து விமானத்தில் போனான். 1989 ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. நீலமும் சிவப்புமாக ஓரம் கட்டிய உறை. பனி கொட்டுகிறது, ருஷ்ய மொழி நாக்கில் புரளவில்லை, கோட்டில் ஒரு பட்டன் விழுந்தது, ஆனால் பெரியவரின் தையல் ஒன்றுகூட விடவில்லை என்று எழுதியிருந்தான். அம்மா அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"டேய், ஓடிப்போய்க் கேட்டாண்ட பெரியவர்கிட்டச் சொல்லிட்டு வா."

எனக்கு அப்போது பத்து வயது. ஓடினேன். வழியில் பையன்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆட்டம்தான் என்று உட்கார்ந்தேன். ஆறு கோலி ஜெயித்து நிமிர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. பெரியவர் மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பார். வீட்டுக்குத் திரும்பினேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. அப்புறம் அந்தக் குத்தூசிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கினாரு."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பிற்பாடு நான் எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். நான் கட்டிய முதல் கதை அதுதான். வாசகரை அவ்வளவு முழுமையாக நம்பவைத்த கதை வேறொன்றை எழுதினேனா என்பது சந்தேகம்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் கேட் பக்கம் போனபோது அவர் ஒரு செருப்பில் குனிந்திருந்தார். இத்தனை நேரம் கழித்துச் சொன்னால், ஏன் தாமதம் என்று கேட்பாரோ என்று ஒரு கூச்சம். அப்புறம் அந்தக் கூச்சமே வழக்கமாகிவிட்டது. அம்மா கேட் பக்கம் போவது அபூர்வம். அப்பா ஆலைக்குச் சைக்கிளில் போகும் வழி வேறு. சேதி சேர்ந்துவிட்டது என்று இருவரும் நிம்மதியாக இருந்தார்கள். பங்குனி வந்தபோது அவர் உட்காரும் இடத்தில் இளநீர் வண்டி நின்றது. எங்கே போனார் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திவிட்டு ஊர்சுற்றிய நாட்களில், அண்ணனின் புத்தகங்களுக்கிடையில் கோகல் 1842-இல் வெளியிட்ட 'மேல்கோட்டு' கதை கிடைத்தது. ஏழைக் குமாஸ்தா ஒருவனின் கோட்டு இற்றுப்போகிறது. ஒட்டுப் போட்டுத் தா என்று தையற்காரன் பெத்ரோவிச்சிடம் கெஞ்சுகிறான். ஒட்டை வைக்கத் துணியில் பலம் இல்லை என்று அவன் மறுத்துவிடுகிறான். பட்டினி கிடந்து புதுக்கோட்டு தைத்துக்கொள்கிறான் குமாஸ்தா. அந்தக் கோட்டு திருடு போவதையும் அவன் சாவதையும் நினைத்துத்தான் படித்தவர்கள் கண்ணீர் விடுவார்கள். எனக்கு நெஞ்சை அடைத்த இடம் வேறு. புதுக்கோட்டைக் கொடுத்த பிறகு பெத்ரோவிச் தெருவுக்கு வந்து, அது நடந்து போவதை நின்று பார்க்கிறான். அதுவும் போதாமல் குறுக்குச் சந்தில் ஓடி முன்னால் போய், எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு தடவை பார்க்கிறான்.

அவனுக்கு ஓடக் குறுக்குச் சந்து இருந்தது. கொருக்குப்பேட்டை கேட்டிலிருந்து மாஸ்கோவுக்குக் குறுக்குச் சந்து ஏது? எங்கள் பெரியவருக்கு இருந்த ஒரே சந்து நான்தான். நான் பாதி வழியில் கோலி ஆட உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் 1994-இல் பட்டத்தோடும் கோட்டோடும் திரும்பினான். அவன் போன தேசம் 1991 டிசம்பரிலேயே இல்லாமல் போயிருந்தது. கோட்டு மட்டும் முழுசாக வந்தது. மேல்நாடுகளில் கோடைக் காலத்தில் ரோமக் கோட்டுகளைக் குளிரூட்டிய கிடங்கில் வைப்பார்களாம். எங்கள் பரணோ தகரக் கூரைக்குக் கீழே ஓர் அடுப்பு. போன மாதம் எடுத்துப் பார்த்தபோது தோளிலும் முதுகிலும் புதுக் கிழிசல்கள். எனக்கும் ஓர் ஆசை. ஊசியில் மெழுகு நூல் கோத்துக்கொண்டு, காக்கித் துணியைப் பிரித்தேன். பெரியவர் சொன்னபடி நாலு விரல் தள்ளிக் கிள்ளி இழுத்தேன். காய்ந்த சருகு போலப் பொடிந்து கையோடு வந்தது. எங்கே இழுத்தாலும் அப்படித்தான். உயிர் போய்விட்டது.

ஆனால் அக்குளில் அந்தத் தையல் அப்படியே இருந்தது. இரு பக்கமும் தோல் இற்று விலகிவிட, சிறு மூச்சுக்கு இடம்விட்டுப் போட்ட தையல்கள் மட்டும் ஒன்றும் பிசகாமல் வரிசையாக நின்றன.

கோட்டை அம்மாவிடம் எடுத்துப் போனேன். பார்வை மங்கிவிட்டது, விரலால் தடவியே தன் தையல் எது, அவர் தையல் எது என்று சரியாகச் சொன்னாள். அப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"குத்தூசியக் கண்ணுல ஒத்திக்கினார்னியே, அதுவுமா?"

"அதுவுந்தாம்மா."

மறுபடி தையலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அதக் கேட்டப்புறம்தாண்டா அந்தத் தம்ளர உள்ள எடுத்தாந்து நம்ம தம்ளருங்களோட கவுத்தேன். அடுத்த தபா அவர் வந்தா வெள்ளித் தம்ளர்ல குடுக்கணும்னு வெச்சிருந்தேன். ஏன் வரலேன்னு இத்தினி நாளாத் தெரியல."

கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தேன். குப்பையில் போட மனம் வரவில்லை. அக்குள் தையலை மட்டும், சுற்றியிருந்த தோலோடு ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்து, என் எழுது மேஜையில் வைத்திருக்கிறேன். தோல் பக்கம் மேலே தெரியும்படி.