எந்த ஊர் போர்டு?

"மெஷின் எந்த ஊருக்குப் போவுது, தம்பி?"

என் அக்காள் மகன் நீட்டிய பட்டியலை, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் அந்த அண்ணன் இன்னும் கையில் வாங்கவில்லை. கேள்விதான் முதலில் வந்தது.

"வள்ளூர்ண்ணே. அத்திப்பட்டு பக்கத்துல."

அவர் மேசைக்கு அடியில் குனிந்து ஒரு பழைய மதர்போர்டை எடுத்து வைத்தார். திருகுத் துளைகளைச் சுற்றியும் யூஎஸ்பி வாய்களின் ஓரத்திலும் பச்சை பூத்திருந்தது. சிப்புகளின் கால்களுக்கு நடுவே சாம்பல் நிறத் தூசி அப்பிக் கிடந்தது. "இது எண்ணூர்ல இருந்து வந்தது. தூசி மட்டும்னா பிரஷ் போட்டுத் தட்டிடலாம். உப்புக்காத்து ஈரமும் சேர்ந்துட்டா அதுவே ஒயரு மாதிரி கரண்டக் கடத்தும். உங்க பக்கத்து போர்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுடும்."

ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, நாலுக்கு ஆறு அடி இடத்தில் அவருடைய மேசை. முன்பக்கம் அசெம்பிள் செய்யும் பெஞ்சு, பின்பக்கம் இன்னொருவரின் சிப் லெவல் சர்வீஸ். காலையில் அத்திப்பட்டு புதுநகரில் ரயிலேறி மூர்மார்க்கெட் நிலையத்தில் இறங்கினோம். பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடந்து வந்திருந்தோம். பெயர் ரிச்சி தெரு என்றாலும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. ரேடியோ உதிரிபாகம் விற்ற கடைகளிலிருந்து வளர்ந்த இடம். காசினோ தியேட்டர் பக்கம் திரும்பியதுமே ஈயப்பற்றின் வாசனை வந்துவிடும்.

பையன் பாலிடெக்னிக் முடித்து, ஒரு கன்டெய்னர் யார்டில் ஓராண்டு டேலி எழுதிச் சேர்த்த பணம் 70 ஆயிரம். அவனுக்குக் கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதுவும் தானே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்தது. பட்டியலில் கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் பாதிக்கு மேல் ஒதுக்கியிருந்தான். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எதிரே "கேபினட்டோடு வரும்" என்று எழுதியிருந்தான்.

"மானிட்டர் இருக்கா?"

"இருக்குண்ணே. ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸ்."

அதைக் கேட்டதும் அவர் பேனாவை எடுத்துப் பட்டியலில் இருந்த கார்டை அடித்துவிட்டார். எனக்கு அது அதிகாரமாகப் பட்டது. காரணத்தைச் சொன்ன பிறகு அப்படித் தோன்றவில்லை. ஃபுல் எச்டி திரையில் 1920-க்கு 1080, ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கைச் சுமக்கப் பிறந்த கார்டை இந்தத் திரையில் மாட்டினால் பாதி நேரம் சும்மாதான் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும், கார்டு 150 வரைந்து அனுப்பினாலும். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 போதும் என்றார். 2021-ல் வந்த கார்டு, 132 வாட். புராசஸர் ரைசன் 5 5600, ஆறு கோர், 65 வாட். பையன் முகம் வாடியது. பக்கத்துக் கடையில் பாதி விலைக்குப் பெரிய கார்டு பழையது இருக்கிறதே என்றான். 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் கார்டுகளை வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டதும், இரவுபகலாக ஓடிக் களைத்த கார்டுகள் உலகமெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. வாங்குவதில் தவறில்லை, ஆனால் திருகின் மேலுள்ள ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா, வெப்பத்தைக் கடத்தும் பேடிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும் என்றார். முதல் மெஷினுக்கு வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுதான்.

மிச்சமான பணம் போன இடங்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. இரண்டு எஸ்எம்பிஎஸ்களை எடுத்து எங்கள் இரண்டு கையிலும் கொடுத்தார். இரண்டின் மேலும் 500 வாட்டுக்குக் குறையாமல் அச்சிட்டிருந்தது. ஒன்று கல்லாகக் கனத்தது, மற்றது காலி டப்பா போல இருந்தது. "உள்ள காயிலு, கெப்பாசிட்டரு, ஹீட் சிங்க் இருந்தா கனக்கும். இது போச்சுன்னா தனியாப் போவாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கினு போவும்." கனமானது 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற 550 வாட். கண்ணாடி முகப்பும் வண்ண விளக்கும் உள்ள கேபினட்டுக்குப் பதில் வலை முகப்பு. உள்ளே காற்றை இழுக்கும் ஃபேன் மூன்று, அவற்றின் முன் கழற்றிக் கழுவும் வடிகட்டி. வெளியே தள்ளுவது ஒன்றே ஒன்று. உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசி நுழையாது, காற்று வெளியேதான் கசியும். வள்ளூருக்கான வடிவம் அது.

ரேம் மட்டும் கடித்தது. 2025 கடைசியில் ஏஐ சர்வர்களின் பசியால் ஏறத் தொடங்கிய விலை. எட்டு ஜிபியில் இரண்டு வாங்கினோம். ஒரே பதினாறுக்குப் பதில் ஜோடியாகப் போட்டால் தரவு இரண்டு தடத்தில் ஓடும்.

பிறகு அவர் கைகள் பேசின. போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்தார். புராசஸரின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து விட்டார். அழுத்தவே இல்லை, தன் எடையில் அது இறங்கி உட்கார்ந்தது. அழுத்துகிறவர்கள் ஊசிக்கால்களை வளைத்துவிட்டுக் கொண்டுவருவார்களாம். பின்பக்கத்து நண்பர் அவற்றை நிமிர்த்தும் கருவியைக் காட்டினார்: லெட் இல்லாத மைக்ரோடிப் பென்சில். அதன் குழல்முனையை வளைந்த காலில் நுழைத்து, மூச்சை அடக்கி, இம்மி இம்மியாக நிமிர்த்துவார். இருபது வருடமாகக் குனிந்த கழுத்து அவருக்கு.

ரேம் இரண்டாவது, நாலாவது பள்ளங்களில் 'டக்'கென்று ஏறியது. கார்டையும் செருகி, கேபினட்டில் ஏற்றும் முன்பே ஸ்க்ரூடிரைவர் நுனியால் போர்டின் இரண்டு பவர் பின்களைத் தொட்டார். ஃபேன் சுழன்றது, திரை விழித்தது. பயாஸுக்குள் போய் ரேமின் வேகத்தை 3200-க்கு உயர்த்தினார். அதைச் செய்யாமல் வருடக்கணக்கில் 2400-இல் ஓட்டுகிறவர்கள் உண்டாம்.

கூலி மிகக் குறைவு. எந்தப் பாகத்தின் பில்லிலும் அவர் பெயர் வராது. பையன் 'தேங்க்ஸ்ண்ணே' என்றபோது அவர் கேட்டார்: "வீட்டுல எர்த் இருக்கா? கேபினட்டைத் தொட்டா சுர்ருன்னு இழுத்தா, மெஷின் மேல சந்தேகப்படாத." எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் மின்கம்பியையும் இரும்பு உடலையும் தொட்டு நிற்கின்றன. அந்தக் கசிவு எர்த் வழியே மண்ணுக்குப் போக வேண்டும். போக வழியில்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி கேபினட்டின் மேலேயே நிற்கும்.

கேபினட்டை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்தான். தெருவின் எலெக்ட்ரீஷியன் மாமா வந்து, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்பை வைத்தார். எரியவில்லை. பிளக் பாயின்ட்டின் பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை.

அன்றிரவு மெஷின் போர்வைக்குள் உறங்கியது. மறுநாள் காலையில் கொல்லையில் பையன் கடப்பாரையோடு நின்றான். குழிக்குள் குழாயை நட்டு மாமா சொல்லச் சொல்ல, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று கொட்டிக்கொண்டிருந்தான்.