300 வாட்

பௌதிகம் படிக்கிறவனுக்கு உறவினர்கள் இருக்கக்கூடாது. இருந்தாலும் அவர்களிடம் கார் இருக்கக்கூடாது. இந்த ஞானம் எனக்குச் சென்ற ஆண்டுதான் பிறந்தது.

டில்லியில் எனக்கென்று இருக்கிறவர் ராமகிருஷ்ணபுரத்துப் பெரியப்பா ஒருவர்தான். ஞாயிறுதோறும் விடுதிச் சப்பாத்தியிலிருந்து என்னை மீட்டு வற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் போடுகிற புண்ணியவான். அவருக்கு இரண்டே ஆசைகள். மலை மந்திரில் முருகனைத் தரிசிப்பது ஒன்று. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுக்கொண்டே கார் ஓட்டுவது மற்றொன்று. ஆனால் வயதின் காரணமாக அவர் காது சற்று மந்தம். காரோடு வந்த ஸ்பீக்கர்களும் தொண்டை கட்டிய பாகவதர் போல ஆகிவிட்டன.

"நீ பௌதிகம் படிக்கிறவனாச்சே, நல்லதா ஒரு ஜோடி பார்த்து வாங்கிப் போடேன்" என்றார். எனக்குத் தலை சற்றுக் கனத்தது.

கரோல்பாக்கில் கார்ச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் அடக்கமாக 40 வாட் என்று போட்டிருந்தது. மற்றதில் தீச்சுவாலைப் படம். அதன் நடுவே 300 வாட்! விலையில் அதிக வித்தியாசம் இல்லை. சுவாலைக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், 'நாமினல் 30 வாட்' என்றும் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. 300-ஐயே வாங்கச் சொன்னேன். அதோடு விட்டேனா? "300 வாட் தாங்கும் பெரியப்பா, தயங்காமல் முழுக்கத் திருகுங்கள்" என்று உபதேசமும் செய்தேன்.

மூன்றாம் வாரம் மதுரா போகும் வழியில், தோடி உச்சத்தில் நிற்கும்போது, ஒலி கரகரத்தது. ரப்பர் கருகுவது போல ஒரு நாற்றம். பிறகு இடப்பக்கம் மௌனம். திரும்பி வருவதற்குள் வலப்பக்கமும் வழிமொழிந்துவிட்டது.

பெரியப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் தேவலை. "என் தப்புடா. காது கேளாத கிழவன் கைக்கு எதுவும் தாங்காது" என்று அவர் சொன்னபோது, பின் சீட்டில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். அப்போதும் திறக்கவில்லை.

அன்றிரவு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துப் பையன் போடக்கூடிய கணக்குதான் அது. ரேடியோவின் நெற்றியில் '50 வாட், 4 வழி' என்று எழுதியிருந்தது. ஆக 200 வாட். அதன் முதுகில் இருந்த ஃபியூஸோ 10 ஆம்பியர். கார் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் உள்ளே போவதே 144 வாட். உள்ளே போவது 144 என்றால் வெளியே 200 எங்கிருந்து வரும்?

சரி, அந்த 50 எங்கிருந்து வந்தது? ஸ்பீக்கரின் தடை 4 ஓம். 14.4 வோல்ட்டை அப்படியே அதன்மேல் ஏற்றினால் சுமார் 52 வாட். ஆனால் அப்போது வெளிவருவது சங்கீதமல்ல. அலையின் மேடும் பள்ளமும் சீவப்பட்டுச் சதுரமாகிப்போன இரைச்சல். வளைவு கெடாத சுத்தமான அலையாக இருந்தால் அதே கணக்கு 26 வாட்டோடு நின்றுவிடுகிறது. ரேடியோவுக்குள்ளே ஆகும் சேதாரத்தைக் கழித்தால், காதுக்கு இனிய ஒலி 20 வாட் அளவில்தான். அந்த 50 முழுப் பொய்யும் அல்ல. தோடியைக் கொன்றால் கிடைக்கிற 50.

ஸ்பீக்கரின் வாட் இன்னொரு விஷயம். ரேடியோவின் வாட், பரிமாறுகிறவர் கை. ஸ்பீக்கரின் வாட், சாப்பிடுகிறவர் வயிறு. வயிறு பெரிது என்பதற்காக இலையில் சோறு கூடுமா? 300 வாட் ஸ்பீக்கரை மாட்டியதால் பெரியப்பாவின் காரில் ஒரு துளி ஒலியும் கூடவில்லை. அந்த 300-ம் கண்ணிமைக்கும் நேர உச்சத்துக்கான எண். விடாமல் தாங்குவது அந்த எறும்பெழுத்து 30 மட்டுமே. ஸ்பீக்கருக்குள் போகிற மின்சக்தியில் ஒலியாவது நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கு. மற்றதெல்லாம் மெல்லிய கம்பிச்சுருளைச் சுடுகிற வெப்பம். என் உபதேசப்படி அவர் முழுக்கத் திருகவே, சதுரமாகிப்போன அலை 50 வாட்டை நெருங்கி, 30 தாங்கும் சுருளில் இடைவிடாமல் பாய்ந்திருக்கிறது.

உலகம் இதற்கு அளவுகோல் வகுக்காமலில்லை. ஸ்பீக்கர்களுக்கான சர்வதேச நியமம் ஒன்றில் இரைச்சலை 100 மணி நேரம் ஊட்டிப் பார்க்கும் சோதனையே உண்டு. கார்ப் பெருக்கிகளை 14.4 வோல்ட்டில், 4 ஓமில், 1 சதவீதத்துக்கு மேல் திரிபு வராமல் அளக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2003-இல் ஒரு முறை ஏற்பட்டது. ஆனால் அதை ஏற்பது கம்பெனியின் விருப்பம். 1990-களில் நம் வீட்டு டேப்ரிக்கார்டர்களில் 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்களே, அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது.

அடுத்த ஞாயிறு, குழம்பு இலையில் விழுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். எறும்பெழுத்தைப் பார்த்ததையும், மதுராச் சாலையில் மௌனமாக இருந்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அப்போ என் காது காரணமில்லேங்கறே?" என்று மட்டும் கேட்டார். பெரியம்மா எனக்கு அப்பளம் போட மறந்துவிட்டாள். மறதியா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் இம்முறை நானே வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தை விட்டு இரண்டு இடங்களைப் பார்த்தேன். ஒன்று, இடைவிடாது தாங்கும் வாட், அது 40. மற்றது, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்பது. பழைய ஜோடியில் அது 89, இதில் 92. 3 டெசிபெல்தானே என்று அலட்சியமாக நினைக்கக்கூடாது. அதே ரேடியோ இரட்டிப்புச் சக்தி பெற்றதற்கு அது சமானம். இருமடங்கு ஒலியாகக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் சக்தி பத்து மடங்காக வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், 50-க்கும் 60-க்கும் சண்டை போடுவது வீண் வேலை.

ரேடியோவில் ஒலியளவு 40 வரை ஏறும். ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்ததில் 28-க்கு மேல் நாதஸ்வரம் கரகரத்தது. 28-ஐத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பெரியப்பா தாண்டுவதில்லை. பெரியம்மா காரில் இல்லாத நாளில் 30.