மாரியில் பார்த்த வளவு



மகளுக்கு வீடு வேணும். நம்ம காத்தான்குடியில் பெண்பிள்ளை பெற்றவனுக்கு இது புதுக் கவலை இல்லை. மாப்பிள்ளை வந்து குடியேறுவது பெண் வீட்டில்தானே. (அந்த வழக்கம் சரியா, பிழையா என்பது வேறு கதை.)

ஆகஸ்ட்டில் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய வீடும் வளவும் பார்த்தேன். 10 பேர்ச். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு வாழும் இந்த ஊரில் அது பெரிய விஷயம். விலையும் குறைவு, நல்ல காற்று. அட்வான்ஸ் கொடுக்கக் கை துறுதுறுத்தது.

உம்மாதான் கேட்டார்: "மாரிக்குள்ள போய்ப் பாத்தயா மகன்?"

டிசம்பரில் நாலு நாள் விடாமல் மழை. போனேன். வளவுக்குள் முழங்கால் தண்ணி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் பத்தடிகூட இல்லை, இரண்டின் மேலும் ஒரே தண்ணிதான் நிற்கிறது. பக்கத்து வீட்டு ராத்தா படியில் நின்று சொன்னார்: "முகத்துவாரம் வெட்டினாத்தான் இது வடியும் சேர். 2011 ஜனவரி வெள்ளத்துக்கு நாங்க பள்ளிக்கூடத்துலதான் கிடந்தம்."

தரகர் விடவில்லை. "மண் போட்டு உயர்த்தினாச் சரி சேர்" என்றார். உயர்த்தினால் அந்தத் தண்ணி எங்கே போகும்? ராத்தாவின் வீட்டுக்குள்தான். முதல் நாளே அயலவரின் வாசலை நனைத்துவிட்டு என் பிள்ளை எப்படி அங்கே குடியிருப்பாள்?

இப்போது உம்மாவின் ஒழுங்கையில் 6 பேர்ச் பேசியிருக்கிறேன். ஓட்டோ உள்ளே வராது. மேட்டு நிலம், அயலெல்லாம் தெரிந்த முகங்கள். மகளுக்குத்தான் முகம் கொஞ்சம் சுருங்கியிருக்கு. எனக்கு இன்னும் 8 லட்சம் குறையுது.