சர்க்கரை போட்டதும் சிவந்த திரை

ஆய்வக அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே விளக்கு கிடையாது. ஒரு நுண்நோக்கி, ஒரு கணினித் திரை, அவ்வளவுதான். "வெளிச்சம் பட்டா சாயம் வெளுத்துடும் சார்" என்றார் ஆய்வு மாணவி.

தட்டில் கிடந்தவை எலியின் கணையத்திலிருந்து பிரித்த லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். ரவையைவிடச் சிறிய வெள்ளைத் துகள்கள். அவற்றிலுள்ள செல்களில் பெரும்பாலானவை இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள். ஒரு செல்லுக்குள் சுமார் 10,000 பைகளில் இன்சுலின் தயாராக இருக்கிறதாம். 'சர்க்கரை கூடினால் கணையம் இன்சுலின் சுரக்கும்' என்றுதான் பள்ளியில் படித்தோம். உண்மையில், முன்பே செய்து வைத்த சரக்கைத்தான் அது வெளியே விடுகிறது.

செல்களில் கால்சியத்தைக் காட்டும் ஃபியூரா-2 சாயம் ஏற்றியிருந்தார்கள். கால்சியம் குறைவென்றால் திரையில் நீலம், கூடினால் சிவப்பு. இப்போது திரை முழுக்க நீலம். கரைசலில் சர்க்கரை, நம் ரத்தப் பரிசோதனைக் கணக்கில், 50. மாணவி குழாயை மாற்றி 300 ஆக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நிமிடம் தாண்டியபின் ஓரத்தில் ஒரு செல் பச்சையானது, மஞ்சளானது. சட்டென்று திட்டு மொத்தமும் சிவந்தது. அடங்கியது. மறுபடி சிவந்தது.

அந்தத் தாமதம் சர்க்கரை எரிவதற்கு. எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கூடினால் சவ்விலுள்ள பொட்டாசியம் வாசல் மூடும், மின்னழுத்தம் மாறும், கால்சியம் வாசல் திறக்கும். வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிட 10,000 மடங்கு, பாய்ந்து வருகிறது.

"வந்தா போதுமா?" என்றேன். மாணவி இயர்போன் ஒயர்களை எடுத்து முறுக்கிக் காட்டினார். பையின் மேல் வாம்ப்-2, சவ்வில் சின்டாக்ஸின், ஸ்னாப்-25 என்ற புரதங்கள். மூன்றும் இப்படி முறுக்கிக்கொண்டு பையைச் சவ்வோடு இழுத்து ஒட்டவைக்கும். ஆனால் சினாப்டோடாக்மின்-7 என்ற புரதத்தில் கால்சியம் ஒட்டிய பிறகுதான் பை திறக்கும். அப்போதும் சவ்வை ஒட்டி நிற்கும் சில பைகளுக்குத்தான் முதல் வாய்ப்பு. இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களின் திட்டுகளில் இந்த முறுக்குப் புரதங்களே குறைந்திருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வாசல் திறந்தும் பை திறக்க ஆள் போதாத நிலை.

அம்மா தினமும் போடும் கிளிபென்கிளமைடு மாத்திரையும் அந்தப் பொட்டாசியம் வாசலைத்தான் அடைக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை; சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை வெளியே விடவைத்து, சர்க்கரையை மிகவும் இறக்கிவிடலாம். வெளியே வந்ததும் போன் செய்தேன். "மாத்திரை போட்டாச்சு, இன்னும் சாப்பிடலை" என்றார். உங்கள் வீட்டிலும் இந்த மாத்திரை இருந்தால், போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட விடாதீர்கள்.