சொல் நோட்டும் ஒரு கடிதமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று வகுப்பில் கேட்டபோது, "ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்குவது எப்படி என்று இவள் எழுதட்டும்" என்று என் பெயரைச் சொன்னவர்கள் நீங்கள்தாம். என்னிடம் தடித்த நோட்டு ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த நோட்டால் நான் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியாது. அதையே எழுதிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்பு முதலே ஆங்கிலம் என்றால் எனக்குக் காய்ச்சல். எங்கள் வீட்டில் அம்மொழி அறிந்தவர் எவரும் இல்லை. அப்பா கரும்பு வெட்டும் தொழிலாளி. ஆயாவுக்குக் கைநாட்டுதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கில வினாத்தாளின் தொடக்கமே ஒத்த பொருட்சொல்லும் எதிர்ச்சொல்லும்தான் என்று மேல்வகுப்பு அக்காமார் சொல்லக் கேட்டு, ஒரு நோட்டு வாங்கி நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் ஒரு சொல். வலப்பக்கம் அதற்கு ஈடான நாலைந்து சொற்கள். பிக் என்றால் லார்ஜ், ஹ்யூஜ், கிரேட். விடியற்காலையில் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றுகொண்டு நாளொன்றுக்கு முப்பது சொல் ஒப்பிப்பேன். மதிப்பெண் வந்தது. மறைப்பானேன், தலைக்கனமும் வந்தது. பெரியண்ணனைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னபோது 'மை லார்ஜ் பிரதர்' என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். அண்ணன் ஒல்லிக்குச்சி என்பது ஊரறிந்த செய்தி. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

என் படிப்புக்கு உதவும் அம்மையார் ஒருவர் அயர்லாந்து நாட்டில் இருக்கிறார். ஓய்வு பெற்ற செவிலியர். கிறிஸ்துமஸுக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் நான் கடிதம் எழுதுவேன். ஒரு மாதத்துக்குள் பதில் வந்துவிடும். சென்ற கிறிஸ்துமஸ் கடிதத்தில் 'கைண்ட்னஸ்' என்ற சொல் இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாம் முறையும் அதையே எழுதினால் அழகாயிராது என்று நோட்டைப் புரட்டினேன். கைண்ட்னஸ்: மெர்சி, கம்பேஷன், பிட்டி. கடைசிச் சொல் சின்னச் சொல், எழுத்துப்பிழை வராது. தங்கள் 'பிட்டி'க்கு என்றும் நன்றியுடையவள் என்று எழுதி, யாரிடமும் காட்டாமல் உறையை ஒட்டிவிட்டேன்.

ஜனவரி போயிற்று. பிப்ரவரியும் போயிற்று. "அப்படி என்னடி எழுதித் தொலைச்ச?" என்று அம்மா கேட்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டுக் கட்டணத்தை நினைத்து அப்பா ஒன்றும் பேசாமலே இருந்தார். அதுதான் எனக்கு அதிக பயம்.

தவக்காலத்தில் கடிதம் வந்தது. வழக்கமாக இரண்டு பக்கம் இருக்கும். இம்முறை பத்து வரிதான். தாம் ஒன்பது பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர் என்றும், யாரோ கட்டிய கட்டணத்தில் செவிலியர் படிப்பை முடித்தவர் என்றும், அன்று எவரும் தம்மைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை என்றும், தாமும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டதில்லை என்றும் எழுதியிருந்தார். அப்படி நான் எண்ணும்படி எப்போதேனும் எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று முடித்திருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நானல்லவா!

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டரிடம் போனேன். கெபிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர், படித்துப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"தமிழில் ஈ, தா, கொடு படித்தாயா?"

"படித்தேன், சிஸ்டர்."

"மூன்றுக்கும் என்ன பொருள்?"

"ஒரே பொருள்தான்."

"ஒரே பொருள் என்றால் தொல்காப்பியர் எதற்காக மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார்?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும் சொல் ஈ. ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்பது தா. உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்பது கொடு. தமிழம்மா இதை நடத்தியபோது நன்றாகத் தலையாட்டியவள்தான் நான். ஆங்கிலச் சொல்லும் இப்படி ஓரிடத்தில் நின்றுகொண்டு பேசும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 'பிட்டி' மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்க்கும் சொல், 'கைண்ட்னஸ்' பக்கத்தில் வந்து உட்காரும் சொல் என்றார் சிஸ்டர். 'மெர்சி'யோ, தண்டிக்கும் அதிகாரம் உடையவர் தண்டிக்காமல் விடுவது. கோயிலில் இறைவனிடம் நாம் கேட்பது அதைத்தான்.

அன்று மாலை புது நோட்டு போட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு கட்டம். பொருள், ஒத்த சொல், எதிர்ச்சொல், ஒரு வாக்கியம். எதிர்ச்சொல்லை நான் தேர்வுக்கென்றே நினைத்திருந்தேன். உண்மையில் பொருளைக் காட்டிக்கொடுப்பது அதுதான். 'ஓல்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? அப்பாவின் சைக்கிளுக்கு 'நியூ', ஆயாவுக்கு 'யங்'. 'லைட்' என்பது வெளிச்சமானால் எதிர்ச்சொல் 'டார்க்'. சுமையைப் பற்றியதானால் 'ஹெவி'.

நான்காம் கட்டம்தான் கடினம். வாக்கியத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது, நம் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும் என்பது சிஸ்டரின் கட்டளை. 'ஸ்டபர்ன்', 'ஃபர்ம்' இரண்டையும் பழைய நோட்டில் ஒரே வரியில் எழுதியிருந்தேன். கறக்கும் நேரத்தில் எங்கள் பசு ஓர் அடி நகராமல் நிற்கிறதே, அது 'ஸ்டபர்ன்'. "பொட்டப் புள்ளைக்குப் படிச்சது போதும்" என்ற உறவினரிடம் அம்மா "நிறுத்த மாட்டேன்" என்றாரே, அது 'ஃபர்ம்'. இப்படி எழுதுவதால் ஒரு நாளைக்கு மூன்று சொல்தான் முடிகிறது. ஆனால் அந்த மூன்றும் மறப்பதில்லை.

நான்கு கட்டம் என்றதும் எனக்கு வீரமாமுனிவர் நினைவு வந்தது. அவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்கு நம்மில் பலர் போய் வருகிறோம். 1680இல் இத்தாலியில் பிறந்தவர். வளர்ந்து ஆளான பின் இங்கு வந்து தமிழ் கற்றவர். 1732இல் அவர் தொகுத்த சதுரகராதியும் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் உடையது. ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைத் திரட்டுவதற்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. தைரியநாதர் என்ற தம் பெயரையே வீரமாமுனிவர் என்று தூய தமிழாக்கிக் கொண்டவருக்கு ஒத்த சொல்லின் அருமை தெரியாதா? அவரும் தொடக்கத்தில் ஏதேனும் ஒரு 'லார்ஜ் பிரதர்' சொல்லி ஊராரைச் சிரிக்க வைத்திருப்பார் என்று எண்ணிக்கொள்வேன். மனத்துக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

அம்மையாருக்கு மறுகடிதம் எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. சொல்லைத் தவறாக எடுத்ததை ஒளிக்காமல் எழுதினேன். ஈ, தா, கொடு மூன்றையும் தமிழிலேயே எழுதி, எது யார் யாரிடம் கேட்பது என்று பக்கத்தில் விளக்கினேன். நம் ஊர்ப் பெயரிலுள்ள 'முகை'யையும் விளக்கப் பார்த்தேன். அரும்பு, மொட்டு, முகை மூன்றுக்கும் 'பட்' என்றே எழுத வேண்டி வந்ததால் அதை அடித்துவிட்டேன். இம்முறை சிஸ்டரிடம் காட்டினேன். அவர் ஒரு காற்புள்ளி மட்டும் போட்டார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் பதில் வந்தது. பழையபடி இரண்டு பக்கம். ஆயாவையும் அந்தப் பிடிவாதக்காரப் பசுவையும் சேர்த்து எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, அந்த வரிக்குக் கீழே, என் எழுத்தைப் பார்த்து வரைந்தது போலக் கோணல்மாணலாக ஒரே ஒரு தமிழ்ச் சொல் எழுதியிருந்தார்: தா.