மூக்கு முன்னே, கண் பின்னே

வெளியில் வளர்ந்த பூனையை வீட்டுப் பூனைகளோடு சேர்த்து வைப்பது எத்துணைக் கடினம் என்பதைச் சென்ற ஆண்டு நேரிலே கண்டோம். நம் குருமனைக்குள் பத்து வயது வெள்ளைப் பூனையொன்றும் அதன் மகளும் வாழ்கின்றன. விறகுக் கொட்டகையில் ஒண்டியிருந்த சாம்பல் நிறப் பெண்பூனையோ, ஆளைக் கண்டால் ஓடி மறையும் காட்டுக் குணமுடையது. ஓராண்டுக் காலம் நாம் வைத்த மீன்சோற்றுக்குப் பழகி, மெல்ல மெல்ல நம் காலடிவரை வந்தது. முன்னங்காலில் புண்பட்டு அது நொண்டிய மழைக்காலத்தில், உள்ளே சேர்த்துக்கொள்ள முடிவு செய்தோம்.

"கூடையைத் திறந்து விடுங்கள், சாமி! இரண்டு நாள் சண்டை போடும்; மூன்றாம் நாள் தானே அடங்கிவிடும்" என்றார் உபதேசியார். நாம் இசையவில்லை. அடங்குதல் வேறு, இணங்குதல் வேறு. தோற்ற பூனை அலமாரியின்மேல் பதுங்கிக் கிடக்க, வென்ற பூனை தண்ணீர்ச் சட்டியைக் காவல் காப்பதை அமைதி என்று கூறலாகுமோ?

பூனைக்கும் மனிதருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதக் கல்லறையொன்றின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர் 2004-ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆயினும் அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடும் உயிர். ஆகவே தன் எல்லைக்குள் அயல் பூனையின் வாடை வீசினாலே வீட்டுப் பூனை கலங்குகிறது. அறிமுகம் மூக்கின் வழியே தொடங்க வேண்டும். கண்ணின் முறை பிறகே வரும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் புண்ணுக்கு மருந்திட்டு, இரத்தம் சோதித்து, குடற்புழு மருந்து கொடுத்தார். வெறிநோய்க்கும் பூனைகளின் கொடிய குடல் தொற்றுக்கும் தடுப்பூசி இட்டார். பின்னர் கருத்தடையும் செய்யப்பட்டது. புதியதற்கெனச் சாமான் அறையை ஒதுக்கி, தட்டு, தண்ணீர், மணல் தொட்டி, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவற்றை வைத்துக் கதவை மூடினோம்.

பூனையின் கன்னத்தில் மணச் சுரப்பிகள் உண்டு. ஒன்றின் கன்னத்தில் தேய்த்த துணியை மற்றொன்றின் பாயருகே இட்டோம். மூடிய கதவின் இருபுறமும் உணவு வைத்து, நாளுக்கு நாள் தட்டுகளைக் கதவை நோக்கி நகர்த்தினோம். சீறல் கேட்டபோது அதட்டவில்லை. சீறுதல், "அங்கேயே நில்" என்னும் எச்சரிக்கை. அதைத் தண்டித்தால் அச்சமே பெருகும்.

மூன்றாம் வாரம் கொசுவலைக் கதவின் வழியே அவை ஒன்றையொன்று கண்டன. அன்று முதல் வெள்ளைப் பூனை உணவைத் தொடவில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. பூனை சில நாட்கள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பேறி உயிருக்கே ஆபத்து நேரிடும். வந்தவளுக்காக, இருந்தவளை இழப்பதா? உடனே வலைமீது தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, மீண்டும் மணப் பழக்கத்திற்கே திரும்பினோம். மறுநாட் காலை கிழவி மீனைத் தின்றாள். நமக்கும் அன்றுதான் உணவு ருசித்தது.

ஆறு வாரத்தில் முடியுமென எண்ணியது மூன்று மாதமாயிற்று. இப்போது மூன்று பூனைகளுக்கு நான்கு மணல் தொட்டிகள். உணவும் தனித்தனி இடத்தில். சாம்பல் பூனையும் வெள்ளைப் பூனையும் ஒரே பாயில் படுப்பதில்லை. ஒன்று சன்னற்படியில் இருந்தால் மற்றது பெஞ்சின் அடியில் உறங்கும். எதிர்ப்பட்டால் ஒதுங்கி நடக்கும். அதுவே போதும்.

ஆதரவற்ற பூனையை வீட்டில் சேர்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல்: தனி அறையும் சில மாதப் பொறுமையும் உங்களிடம் உண்டாவென்று முன்னரே எண்ணிப் பாருங்கள். இல்லையேல் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்து, திண்ணையோரம் நாள்தோறும் உணவு வையுங்கள். அதுவும் அதற்கு நல்ல வாழ்வே.